பத்தொன்பது பெயர்ச்சொற்றொடர்கள்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. இந்த மூன்று சொல்லை எழுதுவதற்கு எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு காலமும் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாளைக்கும் இரண்டாம் பாடவேளை தரம் பதினொன்றுக்கு ஆங்கிலம் என்று நேரசூசியில் என் பெயர் கிடக்கிறது.

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. பஸ், வங்கி, ரியூசன் கொட்டில் எல்லாம் இந்தப் பக்கம். வயலும் மாடும் ஆசிரியர் வெற்றிடங்களும் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கத்துக்காரி. காலையில் ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்ற வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் றோட்டு அல்ல, வாகனத்தையும் ஆட்களையும் சுமந்துகொண்டு வாவியைக் கடக்கிற தட்டைப் படகு. அக்கரையில் இறங்கி இன்னும் நாலு கிலோமீற்றர் வயல் நடுவே ஓட வேண்டும். காற்றுக் கிளம்பினால் பாதை ஓடாது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பாதி ஆசிரியர்கள் இருக்க மாட்டார்கள்.

நான் பட்டம் பெற்றது இந்து நாகரிகத்தில். பட்டம் முடித்து நாலு வருடம் வீட்டில் இருந்து, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒரு நியமனம் கிடைத்தது. எதை அபிவிருத்தி செய்வது என்று கடிதத்தில் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றின் பெயர் மட்டும் இருந்தது. முதல் நாள் அதிபர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய கணித ஆசிரியர், நல்ல மனிதர், சேட்டுப் பையில் எப்போதும் ஒரு வெண்கட்டித் துண்டு இருக்கும். என் பாடம் என்னவென்று கேட்டார். சொன்னேன். அதற்கு ஆள் இருக்கிறது, ஆங்கிலத்துக்குத்தான் மூன்று வருடமாக ஆள் இல்லை என்றார். எனக்கு ஆங்கிலம் தெரியாதே சேர் என்றேன்.

"இஞ்ச ஆருக்குத் தெரியும் மிஸ்? நீங்க கம்பசுக்குப் போய் வந்த ஆள். எங்கள விட ரெண்டு சொல்லுக் கூடத் தெரியுந்தானே."

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. அன்றைக்கு நான் இலுப்பைப்பூவாக நியமனம் பெற்றேன். மறுத்திருக்கலாம். நாலு வருடம் வீட்டில் இருந்தவள் மறுக்க மாட்டாள் என்று அதிபருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு நான் படித்தேன். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நானே அநியாயம் செய்தவளாவேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து சோறு தின்ற கையோடு ஆசிரியர் வழிகாட்டியை விரிப்பேன். அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கிலம் படிப்பிக்கக் கூடும் என்று அதை எழுதியவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. செல்போனில் காணொளிகள் பார்த்தேன். ஒருவர் நன்றாக விளக்கினார், கையை ஆட்டி, படம் கீறி. பத்து நிமிடம் பார்த்த பிறகுதான் அவர் ஆங்கிலத்தை இந்தியில் விளக்கிக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. இன்று படித்ததை நாளைக்குப் படிப்பித்தேன். தரம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் இப்படித் தள்ளிவிடலாம். பிள்ளைகளை விட ஒரு நாள் முன்னால் ஓடினால் போதும்.

தரம் பத்தில்தான் அகப்பட்டேன். பத்தொன்பது பிள்ளைகள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவர்கள். அந்தத் தவணையில் பெயர்ச்சொற்றொடர் என்று ஒரு பாடம் வந்தது.

மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரும்பாலும் தனியாக வராது, பரிவாரத்தோடு வரும், அந்தக் கூட்டம் முழுவதும் சேர்ந்துதான் ஒரு பெயர். இது எங்களுக்கும் இருக்கிறதுதான். 'நேற்று வலையில் அகப்பட்ட பெரிய மீன்' என்றால் மீன் கடைசியில் நிற்கும், மற்றதெல்லாம் அதற்கு முன்னால் வரிசையாய் நடக்கும். தமிழில் பரிவாரம் எவ்வளவு நீண்டாலும் ராசா கடைசியில்தான் வருவார். ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'த பிக் பிஷ் இன் த நெட்' என்றால் பெருமையை முன்னால் விட்டு, வலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு மீன் நடுவில் போகிறது. இதை விளங்கிக்கொண்ட அன்று எனக்குப் பெரிய சந்தோசம். ஆங்கிலத்தின் குடுமியைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் கரும்பலகையில் ஒரு வசனம் எழுதினேன். 'த போட்ஸ் நியர் த பிரிட்ஜ் ஆர் ஓல்ட்.' பாலத்தடியில் உள்ள தோணிகள் பழையவை. இதில் பெயர்ச்சொற்றொடர் எது, அதன் தலைச்சொல் எது என்று கேட்டு, ஒருவரும் வாய் திறக்காததால் நானே பதிலும் சொன்னேன். தலைச்சொல் பிரிட்ஜ் என்றேன். முதல் நாள் படித்தது அத்தனையும் என் தமிழ்க் காதுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் நிற்பவர்தான் ராசா என்று அது சொல்லிக்கொடுத்துவிட்டது.

மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். மெலிந்த, நெடுத்த பிள்ளை. தகப்பன் வாவியில் நண்டு வலை போடுகிறவர், வேளாண்மைக் காலத்தில் வயல் வட்டைக்குள் கூலிக்குப் போகிறவர். அவளுக்குத் தாதியாக வேண்டும். அதற்குச் சாதாரண தரத்தில் ஆங்கிலமும் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டு வந்து, முதல் தவணையிலேயே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சித்தியடைந்தவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். அதில் இரண்டு பேர் ரியூசனுக்காக எழுவான்கரையில் சொந்தக்கார வீட்டில் நின்று படித்தவர்கள். அவளுக்கு எழுவான்கரையில் சொந்தக்காரர் இல்லை. என்னைத் தவிர ஆங்கிலத்துக்கு வேறு வழியும் இல்லை.

"பழசு எண்டு சொல்றது பாலத்தையா மிஸ், தோணியையா? அங்கால ஊர்ப் பாலம் இப்பதானே கட்டின."

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. கேள்வி கேட்கிறதுக்கு முதல் எழுதுகிறதை எழுது என்று சொல்லி இருத்திவிட்டேன். அவள் இருந்து எழுதினாள், பிரிட்ஜ் என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். பின்னேரம் பாதையில் நின்று வரும்போதுதான் அவள் கேட்டது சரி என்று மண்டையில் ஏறியது. கரை வந்து, மற்றவர்கள் இறங்கி, ஸ்கூட்டியை எடுக்கச் சொல்லிப் பாதைக்காரர் சத்தம் போடும் வரைக்கும் நான் அப்படியே நின்றேன். அடுத்த நாள் வசனத்தைத் திரும்ப எழுதித் தலைச்சொல் போட்ஸ் என்று திருத்தினேன். நேற்றுப் பிழையாகச் சொன்னேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்காமல் பழைய அடிக்கோட்டை அழித்துப் புதிது போட்டாள்.

இரண்டு கிழமை கழித்து வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர் மேற்பார்வைக்கு வருகிறார், தரம் பத்துக்கு ஒரு பாடவேளை பார்ப்பார். அதிபர் கடிதத்தை என்னிடம் தந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார். பள்ளிக்கூடத்தின் பேர் இதில் இருக்கிறது, எப்படியாவது நல்லாய்ச் செய்து காட்டுங்கள் என்றார். எனக்கும் என் பயம் இருந்தது. பள்ளிக்கூடங்களில் இருக்கிற அபிவிருத்தி உத்தியோகத்தர்களை ஆசிரியர் சேவைக்குள் எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்கு வருகிறவர் எழுதுகிற லொக் புத்தகத்தில் கூடாமல் ஒரு வரி விழுந்தால் என் பெயர் அடிபட்டுப் போகும்.

மேற்பார்வைக்கு எப்படி ஆயத்தம் செய்வது என்று எங்கள் பக்கத்தில் எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நானும் அப்படித்தான் படித்தேன். ஆலோசகர் கேள்வி கேட்டால் எல்லோரும் கை உயர்த்த வேண்டும். விடை தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை. ஆசிரியர் வலக்கைகளில் ஒன்றை மட்டும் பார்த்து எழுப்புவார். வந்தவரின் கண்ணுக்கு வகுப்பு முழுக்கக் கை. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். பெரிய தாளில் வாவிக்கரை ஒன்றைப் பஸ்ரலில் கீறினேன். தோணி, பாலம், எருமை, கொக்கு, நீருக்குள் நிற்கிற கண்ணாக் காடு, வலை பின்னுகிற ஒரு கிழவர். அதில் பத்தொன்பது இடங்கள் குறித்து, பத்தொன்பது பெயர்ச்சொற்றொடர்கள் எழுதி, ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று பங்கு வைத்தேன். நான் கம்பால் எதைத் தொடுகிறேனோ அதற்குரிய பிள்ளை எழும்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

மிகவும் நீளமானதை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். 'தி ஓல்ட் பிஷர்மன் வித் எ டோர்ன் நெட் இன் ஹிஸ் ஹேண்ட்ஸ்.' கையில் கிழிந்த வலையோடு இருக்கிற கிழட்டு மீன்காரர். இரண்டு முறை சொல்லிக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளைத் தனியாக வெளியே கூப்பிட்டு ஒன்று சொன்னேன்.

"அண்டைக்கு மட்டும் ஒண்டும் கேக்காத புள்ள. வேறெப்ப வேணுமெண்டாலும் கேள்."

ஓம் மிஸ் என்றாள். கேள்வி கேட்கிற ஒரே பிள்ளையின் வாயையும் நானே கட்டினேன். ஆசிரியத் தொழிலில் இதை விடக் கீழே இறங்க இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டு நாள் ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் காட்டிய அக்கறையைக் கண்டு நான் பயந்தே போனேன். இடைவேளையில் குழாய்க் கிணற்றடியில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தார்கள். நாக்குத் திரும்பாதவர்களைச் சுற்றி நின்று திருத்தினார்கள். வீட்டுக்குப் போகும்போது சைக்கிளில் இருந்து கத்திக்கொண்டு போனார்கள். 'எ ஸ்மோல் புளூ போட்' என்று வயலுக்குள்ளிருந்து ஒருநாள் சத்தம் கேட்டது, ஆளைக் காணவில்லை.

ஆலோசகர் வந்தார். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடம் இருக்கும், மெல்லிய மனிதர், பாதையில் அலை அடித்து ஒரு காலின் காற்சட்டை நனைந்திருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் வகுப்பின் பின்னால் கதிரையைப் போட்டு இருந்தார். நான் படத்தைத் தொங்கவிட்டுக் கம்பை எடுத்தேன். பிள்ளைகளின் குரல் நடுங்கவில்லை. கொக்கைத் தொட்டேன், கொக்கு வந்தது. பாலத்தைத் தொட்டேன், பாலம் வந்தது. தலைச்சொல் எது என்று கேட்டேன், கை உயர்ந்தது, வலக்கையாய்ப் பார்த்து எழுப்பினேன், சரியான சொல் வந்தது. கிழட்டு மீன்காரரை அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது ஆலோசகர் குறிப்பெழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

நான் கவனமாக ஓர் இடத்தைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு பிள்ளை வரவில்லை. அவனுக்குரியது எருமை. இதைக் கண்டுபிடித்தவர்போல ஆலோசகர் எழும்பி முன்னால் வந்தார், என் கையிலிருந்த கம்பை வாங்கினார், நேரே எருமையைத் தொட்டார். இரண்டு விநாடி இருக்கும். பிறகு பதினெட்டுப் பேரும் ஒன்றாக, ஒரு எழுத்துப் பிசகாமல், எருமைக்குரிய பெயர்ச்சொற்றொடரைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டுமல்ல, எல்லாவற்றையுமே பாடமாக்கி வைத்திருந்தார்கள். ஆலோசகர் கைதட்டினார்.

முடிவில் வகுப்பைப் பார்த்து ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அது எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் தேநீரும் வடையும் சாப்பிட்டு, லொக் புத்தகத்தில் நாலு வரி எழுதி, அதிபருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அந்த நாலு வரியும் ஆங்கிலத்தில் இருந்தன. அதிபர் புத்தகத்தை என்னிடம் நீட்டி என்ன எழுதியிருக்கிறார் என்று ஆவலாய்க் கேட்டார். எழுத்து விளங்கவில்லை சேர் என்றேன். எழுத்து நல்ல எழுத்துத்தான். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து, என்னைப் பற்றி எழுதிய நாலு வரியைப் பாதையில் நின்றபடி போனிடம் கொடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். நடுவில் நீளமாய் ஒரு பெயர்ச்சொற்றொடர் இருந்தது. மிகுந்த தகைமையும் அர்ப்பணிப்பும் கொண்ட ஆங்கில மொழி ஆசிரியர் ஒருவர். ஆங்கில மூலத்தில் அதன் தலைச்சொல் எது என்று போனைக் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன். டீச்சர். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவையெல்லாம் பொய்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

ஆறேழு கிழமை போனது. ஒரு நாள் காலையில் அதிபர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பட்டியலின் போட்டோக்கொப்பி கிடந்தது. கல்வியியற் கல்லூரியில் ஆங்கிலம் படித்து வெளிவந்த புது ஆசிரியர்களை எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போடுவது என்ற பட்டியல். அதில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு நேரே ஒரு பெண்ணின் பெயர் தட்டச்சில் அடித்திருந்தது. பிறகு அதைப் பேனையால் வெட்டி, எழுவான்கரையில் வேறொரு பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதியிருந்தது. ஏற்கெனவே இரண்டு ஆங்கில ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்கூடம் அது. வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் சிறிதாக ஒரு குறிப்பு. வெற்றிடம் நிரம்பியுள்ளது, மேற்பார்வை அறிக்கை பார்க்க.

அதிபர் மூன்று வருடத்தில் ஏழு கடிதம் எழுதியிருந்தார். ஏழாவதுதான் பலித்திருக்கிறது. பெயர் வரைக்கும் வந்து, கடிதம் அச்சாகிற நேரத்தில் ஆலோசகரின் அறிக்கை போய்ச் சேர்ந்திருக்கிறது. தகைமையான ஆசிரியர் இருக்கிற இடத்துக்கு இன்னொரு ஆளை எதற்குப் போடுவார்கள்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அதிபர் சேட்டுப் பையிலிருந்த வெண்கட்டித் துண்டை எடுத்து மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வலயக் காரியாலயத்துக்குப் போனேன். நியமனங்களைப் பார்க்கிற அதிகாரியைக் காண மூன்று மணித்தியாலம் வெளியே மர வாங்கில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் போனவர்களெல்லாம் இடமாற்றம் கேட்டு வந்தவர்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாது, அந்தப் பாடம் ஒத்திகை பார்த்தது, எங்களுக்கு அந்த ஆசிரியையைத் திரும்பத் தாருங்கள் என்றேன். நியமனம் பெற்ற நாளுக்குப் பிறகு முதல்தரம் வாய் திறந்து சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அவர் என்னுடைய கோவையை எடுத்துப் புரட்டினார். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். எழுவான்கரை என்றேன். அவர் முகத்தில் எல்லாம் விளங்கிவிட்டது என்ற ஒரு சிரிப்பு வந்தது.

"அம்மாவுக்குச் சுகமில்ல எண்டு வாறாங்க, பாதையில தலை சுத்துது எண்டு வாறாங்க. பாடம் தெரியா எண்டு வந்த முத ஆள் நீங்கதான் மிஸ்."

நான் இடமாற்றம் கேட்கவில்லை, அங்கேயே இருக்கிறேன், வேறு எந்தப் பாடம் தந்தாலும் எடுக்கிறேன் என்றேன். அவர் ஆலோசகரின் அறிக்கையை எடுத்து எனக்கு வாசித்தே காட்டினார், சரளமான ஆங்கிலத்தில். எனக்கு நாலில் ஒரு பங்கு விளங்கியது. இவ்வளவு தூரம் தன்னடக்கம் கூடாது என்றார். நான் விடவில்லை. அப்போதுதான் அவருக்குச் சற்றுச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். அப்படியென்றால் எழுத்தில் தாருங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதித் தந்தா விசாரணை வரும். அதிபருக்கு வரும், பென்சனுக்குப் போற வயசில அந்த ஆலோசகர் மனிசனுக்கும் வரும். உங்கட நியமனத்தையும் பார்ப்பாங்க. அந்தப் புது மிஸ் மற்றப் பள்ளிக்கூடத்தில கடமை ஏற்று ரெண்டு கிழமை. இனி அங்கயிருந்து உங்கட பள்ளிக்கூடத்துக்கு எடுக்க ஏலா. யோசிச்சு எழுதுங்க."

பேனையை எடுத்தேன். திகதி போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அதிபருக்காகத்தான் எழுதவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. நாலு வருடம் வீட்டில் இருந்த அந்த நாட்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எழுதினாலும் அந்தப் பெண் வர மாட்டாள் என்ற ஒரு சாட்டும் கைக்குக் கிடைத்திருந்தது. எழுதாமலே எழும்பி வந்தேன். திகதி போட்ட தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன், அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

இனிச் சொல்ல வேண்டிய ஆட்கள் பத்தொன்பது பேர்தான் மிச்சம். அவர்களிடமாவது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஒரு நல்ல ஆசிரியை உங்களுக்கு வர இருந்தார், என்னுடைய கூத்தால் அவர் வராமல் போய்விட்டார், நீங்கள் எப்படியாவது வேறு வழி பாருங்கள் என்று சொல்ல வேண்டும். என்ன வழி என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் வகுப்புக்குப் போய்ச் சொல்லாமல் திரும்பினேன். நாலாவது நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேசையின் முன்னால் வந்து நின்றேன்.

"எனக்கு ஆங்கிலம் தெரியா" என்று தொடங்கினேன். "உங்களுக்குப் படிப்பிக்கிற அளவுக்கு எனக்குத் தெரியா."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பின் வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்து மெல்லச் சிரித்தான், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எழும்பினாள். எழும்புகிறபோதே அவள் முகத்தில் எனக்கு ஆறுதல் சொல்கிற ஒரு தோரணை இருந்தது.

"அது எங்களுக்குத் தெரியும் மிஸ்" என்றாள்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் தவணையிலிருந்தே தெரியுமாம். அவள் ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறவள்போல மற்றதையும் சொன்னாள். எனக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேறு வேறு பாடத்துக்கு வந்த மூன்று மிஸ்மாரும் மேற்பார்வை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் போய்விட்டார்கள். மேற்பார்வை பிழைத்தால் மிஸ்மாரை மாற்றிவிடுவார்கள் என்று பிள்ளைகளே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் வந்த அன்றே பத்தொன்பது பேரும் குழாய்க் கிணற்றடியில் கூடிக் கதைத்திருக்கிறார்கள்.

"நீங்களும் போயிருவீங்க எண்டு எங்களுக்குப் பயம் மிஸ். மறுகா இங்கிலீசுக்கு ஆருமே இல்லாமப் போயிரும். அதுக்காகத்தான் எல்லாரும் எல்லாத்தையும் பாடமாக்கின. எருமைக்குரிய ஆள் காய்ச்சல் எண்டு படுத்ததும் நல்லதாப் போச்சி."

வகுப்பு சிரித்தது. இந்த முறை சந்தோசமான சிரிப்பு. தங்கள் ஆசிரியையைத் தாங்களே காப்பாற்றி வைத்திருக்கிற பிள்ளைகளின் சிரிப்பு. ஒரு வருடமாக எந்த ஆங்கில வசனத்துக்கும் இந்த வகுப்பு இப்படி ஒளி வீசியதில்லை.

நான் சொல்ல வந்ததில் மிச்சப் பாதி இன்னும் இருந்தது. வர இருந்த அந்தப் பெண்ணைப் பற்றி இவர்களிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் எட்டு நாள் உயிரைக் கொடுத்துப் பாடமாக்கியதால்தான் உங்களுக்கு வர இருந்த ஆசிரியை வராமல் போனார் என்று எந்த வாயால் சொல்வது? நான் செய்த பிழையை அவர்களும் சுமக்கட்டும் என்றா? பதினைந்து வயதுப் பிள்ளைகள். நான் வாயை மூடிக்கொண்டேன். அது கருணையா கோழைத்தனமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அதிகமும் கோழைத்தனமாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். இன்னும் ஒன்று கேட்க இருக்கிறது என்று தெரிந்தது. பெயர்ச்சொற்றொடரைப் பற்றிக் கேட்கப் போகிறாள், பதில் தெரியாமல் நிற்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

"இனி நீங்க போகமாட்டீங்கதானே மிஸ்?"

பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகமாட்டேன் என்றேன். அது உண்மை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.